சுடுதண்ணீர் விண்ணப்பம்

ஒக்ரோபர் மாதத்து மூன்றாம் கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஸ்ரீஸ்கந்தராஜாவின் வீட்டு நிலவறையில் இருந்த எண்ணெய்க் கொதிகலன் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது. முப்பத்தாறு வருடங்களாக அந்த வீட்டின் அறைகளுக்குச் சூட்டையும் குழாய்களுக்குச் சுடுதண்ணீரையும் அதுதான் கொடுத்துவந்தது. வீடு அதைவிடப் பழையது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் கட்டியது. கொலோனுக்கு வடக்கே, றைன் நதியிலிருந்து இருபது நிமிடம் நடக்கும் தூரத்தில், ஒரே அச்சில் வார்த்த நாற்பது வீடுகளில் ஒன்று.

ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு அறுபத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, பாண் சுடும் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் ரொட்டி அடுப்புகளுக்குப் பொறுப்பாக இருந்துவிட்டு, போன வருடம்தான் வேலையை விட்டிருந்தார். சூடு எப்படி உண்டாகிறது, எப்படிப் பரவுகிறது, எப்போது போதும் என்பதெல்லாம் தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தார்.

அவருடைய மனைவி சிவகௌரிக்கு அந்தக் குளிர்காலத்தில் ஒரே ஒரு சிந்தனைதான். கார்ல்ஸ்ரூஹேயில் இருந்த அவர்களுடைய ஒரே மகள் அஜிதாவுக்கு ஜனவரி நடுவில் பிள்ளை பிறக்க இருந்தது. அஜிதாவும் கணவன் நிலக்ஷனும் குடியிருந்தது நாலாம் மாடியில், இரண்டே அறைகள், லிஃப்ட் இல்லை. ஆகவே பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு வருவது, துடக்குக் கழியும் முப்பத்தோராம் நாள் வரை அங்கேயே இருப்பது என்று கோடையிலேயே முடிவாகியிருந்தது. சிவகௌரி மேல்மாடி அறைக்குத் தானே ஏணி வைத்து இளமஞ்சள் பூசியிருந்தார். பிள்ளை பெற்றவளுக்கு நாள் தவறாமல் சுடுதண்ணீர் வார்க்க வேண்டும், பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டும். அதற்கு வீட்டில் சுடுதண்ணீர் வர வேண்டும்.

“இஞ்சேருங்கோ, பொங்கலுக்கு முன்னம் ஹைற்சுங் சரிவந்திடுமோ?” என்று கேட்டார். வீட்டைச் சூடாக்கும் அமைப்பு முழுவதற்கும் அங்கே ஹைற்சுங் என்றுதான் பெயர்.

“இன்னும் மூண்டு மாசம் கிடக்கு. இவங்கள் எதையும் ஒழுங்காச் செய்யிற ஆக்கள். நீர் யோசிக்காதையும்.”

அன்று மாலையே திருத்துகிறவர் வந்தார். கொதிகலனின் மூடியைக் கழற்றிப் பார்த்து, “ஒரு சின்ன வால்வு. என் வண்டியிலேயே இருக்கிறது. பதினைந்து நிமிட வேலை” என்றார். பிறகு மூடியைத் திரும்பப் பூட்டினார். முப்பது வருடம் தாண்டிய கொதிகலன் பழுதானால், அதைத் தொடுவதற்கு முன் அந்த வட்டாரத்தின் புகைபோக்கி அதிகாரி வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

புகைபோக்கி அதிகாரி ஹெர் வோல்க்னர் எட்டு நாள் கழித்து வந்தார். கறுப்பு உடுப்பு, இரண்டு வரிசை வெள்ளிப் பொத்தான்கள். அந்தப் பொத்தானைத் தொட்டால் அதிர்ஷ்டம் வரும் என்பது ஜெர்மனியர்களின் நம்பிக்கை. நெஞ்சைச் சற்று முன்னே நீட்டி, விருப்பமிருந்தால் தொடலாம் என்றார். ஸ்ரீஸ்கந்தராஜா தொட்டார். சிவகௌரியும் தொட்டார்.

அதன் பிறகு ஹெர் வோல்க்னர் நின்றுபோன கொதிகலனின் குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டு இருபது நிமிடம் அளந்தார்.

“வாழ்த்துகள்” என்றார். “என் இருபத்திரண்டு வருட சேவையில் இவ்வளவு சுத்தமான எண்ணெய்க் கொதிகலனைக் கண்டதில்லை. புகை பூச்சியம். கரி பூச்சியம்.”

“அது வேலை செய்யவில்லை” என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா தன் ஜெர்மன் மொழியில்.

“அதனால்தான். வேலை செய்கிற எந்தக் கொதிகலனும் இந்த நிலையை எட்டுவதில்லை. ஆனாலும் வயது வயதுதான்.” கொதிகலனின் கதவுக்குக் குறுக்கே ஒரு சிவப்பு முத்திரைத் தாளை ஒட்டினார். “இன்றிலிருந்து இதை இயக்கத் தடை.”

“இப்போதும் இயங்கவில்லையே.”

“அப்படியானால் நீங்கள் தடைக்கு முன்பிருந்தே சட்டத்தை மதித்து வருகிறீர்கள். அதையும் குறித்துக்கொள்கிறேன்.”

இனி வழி ஒன்றுதான் என்றார். வெளிக்காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சி வீட்டுக்குள் தரும் வெப்பப் பம்பி. அதற்கு அரசாங்கம் உதவி தரும். உதவி பெற அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போட வேண்டும். அன்ட்ராக் போட, பதிவுபெற்ற சக்தி ஆலோசகர் ஒருவர் கையெழுத்திட வேண்டும்.

ஆலோசகராக வந்தவர் ஒரு தமிழ்ப் பெண் என்பதில் சிவகௌரிக்குப் பெரிய ஆறுதல். பத்மப்ரியா கோயம்புத்தூர்க்காரி. டிரெஸ்டனில் படித்துவிட்டு கொலோனில் வேலை பார்த்தார். சூட்டைப் படம் பிடிக்கும் கமெரா ஒன்றோடு நவம்பர் பதினோராம் தேதி வந்து, மூன்று மணித்தியாலம் வீடு முழுக்கத் திரிந்தார். திரையில் சுவர், கூரை, ஜன்னல் எல்லாம் நீலமாகத் தெரிந்தன. ஒரே ஒரு இடம் மட்டும் சிவப்பாக இருந்தது.

“ஆன்ட்டி, கொஞ்சம் ஃப்ரேம்ல இருந்து தள்ளி நில்லுங்க. ரீடிங் கெடுது” என்றார் பத்மப்ரியா.

சிவகௌரி கம்பளியைப் போர்த்துக்கொண்டு விறாந்தைக்குப் போனார்.

பத்து நாளில் எண்பத்திமூன்று பக்க அறிக்கை வந்தது. வீட்டை எந்த ஒழுங்கில் திருத்த வேண்டும் என்று அதில் இருந்தது. முதலில் கூரை, பிறகு சுவர், பிறகு ஜன்னல். ஏழாவது படி ஹைற்சுங். அதற்கு நேரே இரண்டாயிரத்து நாற்பத்தொன்று என்று வருடமும் போட்டிருந்தது.

“பிள்ளை, எங்களுக்கு ஜனவரியிலை சுடுதண்ணி வேணும்” என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா தொலைபேசியில்.

“புரியுது அங்கிள். அது ஐடியல் பிளான். நீங்க ஸ்ட்ரெய்ட்டா பம்ப்புக்கே அப்ளை பண்ணலாம். ஆனா ஒண்ணு, அப்ரூவல் வர்ற வரைக்கும் எதுவும் வாங்கக்கூடாது. ஒரு சின்ன ரூம் ஹீட்டர் கூட.”

“ஏன்?”

“வாங்கினா நீங்களே ப்ராஜெக்டை ஸ்டார்ட் பண்ணிட்டதா அர்த்தம். பெர்மிஷனுக்கு முன்னாடி வீடு சூடானா அப்ளிகேஷன் கேன்சல்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு அங்கிள். ஆனா நான் சைன் பண்ணணும்ல.”

அன்றிலிருந்து இருவரும் வீட்டுக்குள் குளிர்ச் சட்டை போட்டுக்கொண்டு இருந்தார்கள். சாப்பிடும்போது மட்டும் கையுறையைக் கழற்றினார்கள். அடுப்பில் கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்து ரப்பர் போத்தல்களில் ஊற்றி, மடியில் இரண்டு, காலடியில் இரண்டு, கட்டிலில் ஐந்து என்று வைத்துக்கொண்டார்கள்.

அன்ட்ராக்கின் பதினேழாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. மாற்றப்படவிருக்கும் பழைய கொதிகலன் விண்ணப்பிக்கும் நாளில் நல்ல நிலையில் இயங்குகிறதா? ஆம் என்றால் சான்று இணைக்க வேண்டும். இல்லை என்றால் பதினெட்டாம் பக்கத்துக்குப் போகத் தேவையில்லை.

அதைப் பற்றிக் கேட்பதற்கு மாநில வெப்பமாற்று அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், டிசம்பர் மூன்றாம் தேதிதான் கிடைத்தது. ஐந்தாம் மாடி. அறைக் கதவைத் திறந்த ஸ்ரீஸ்கந்தராஜா ஒரு கணம் தன் வீட்டுக்கே திரும்ப வந்துவிட்டதாக நினைத்தார். உள்ளே அவ்வளவு குளிர். பெண் அதிகாரி பிறவ் ஓபர்ஹோல்ட்ஸ் நீளக் கோட்டும் விரல் நுனி வெட்டிய கையுறையும் போட்டுக்கொண்டு தட்டச்சுச் செய்துகொண்டிருந்தார்.

“உட்காருங்கள் ஹெர் ஸ்ரீ. கோட்டைக் கழற்ற வேண்டாம்” என்றார். முழுப்பெயரையும் சொல்ல ஒருமுறை முயன்று அத்தோடு விட்டுவிட்டார். “இந்தக் கட்டடத்துக்கும் வெப்பப் பம்பி வரவிருக்கிறது. அன்ட்ராக் போட்டிருக்கிறோம்.”

“யாருக்கு?”

“எங்களுக்கு. மூன்று வருடமாகிறது. விரைவுபடுத்தச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் கோப்புக்குப் பொறுப்பானவரை எனக்கு நன்றாகத் தெரியும். அப்படிக் கேட்பவர்களுக்கு அவர் பதில் போடுவதில்லை. அது நான்தான்.”

ஸ்ரீஸ்கந்தராஜா தலையாட்டினார்.

“மக்கள் எங்களைத் தாமதம் என்கிறார்கள்” என்று தொடர்ந்தார் அவர். “இங்கே நாற்பத்தொரு பேர் வேலை செய்கிறோம். தொடங்கிய நாளிலிருந்து ஒரு தவறான முடிவுகூட எடுத்ததில்லை.”

“எத்தனை முடிவுகள் எடுத்திருக்கிறீர்கள்?”

“இரண்டு. இரண்டும் மறுபரிசீலனையில் இருக்கின்றன.”

ஸ்ரீஸ்கந்தராஜா பதினேழாம் பக்கத்தைக் காட்டினார். கொதிகலன் இயங்க வேண்டுமென்றால் திருத்த வேண்டும். திருத்துவதற்கு முத்திரை தடையாக இருக்கிறது. முத்திரை இல்லாவிட்டால் புதியதற்கு விண்ணப்பிக்கவே தேவையில்லை. இதையெல்லாம் அவர் மெதுவாக, ஒழுங்காகச் சொன்னார். மகளைப் பற்றியும் சொன்னார்.

பிறவ் ஓபர்ஹோல்ட்ஸ் முழுவதையும் கேட்டார். “குழந்தையின் பிறப்பு எங்கள் படிவத்தில் இல்லை” என்றார். “ஆனால் இயங்குநிலை நிரூபணம் என்று ஒரு நடைமுறை இருக்கிறது. அதிகாரியின் முன்னிலையில் கொதிகலனைத் தற்காலிகமாகத் திருத்தி, பதினொரு நிமிடம் இயக்கிக் காட்டலாம்.”

“அதற்குப் பிறகு?”

“நிறுத்திவிட வேண்டும். அது தடைசெய்யப்பட்ட கொதிகலன் அல்லவா?”

நிரூபணம் டிசம்பர் பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு நடந்தது. திருத்துகிறவர் வால்வை மாற்றினார். பதினைந்து நிமிடம் என்று சொன்னவர் பன்னிரண்டிலேயே முடித்துவிட்டார். ஹெர் வோல்க்னர் முத்திரைத் தாளின் ஒரு மூலையைச் சூடான கத்தியால் கிளப்பி, ஒரு கையில் நேரக்கணிப்பானோடு சைகை காட்டினார். கொதிகலன் உறுமிக்கொண்டு எழும்பியது.

ஸ்ரீஸ்கந்தராஜா மேலே ஓடிப்போய் வரவேற்பறை ரேடியேட்டரில் இரண்டு கையையும் வைத்தார். சிவகௌரி குளியலறையில் வாளி, சருவச்சட்டி, சோற்றுப்பானை, பூவாளி எல்லாவற்றையும் வரிசையாக வைத்துக் குழாயைத் திறந்துவிட்டிருந்தார். ஏழாவது நிமிடம் தண்ணீரின் குளிர் மாறியது. ஒன்பதாவது நிமிடம் இளஞ்சூடு வந்தது. பத்தாவது நிமிடம் ரேடியேட்டருக்குள் ஏதோ கிணுகிணுவென்றது.

“வருகுது கௌரி” என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

அப்போது கீழே கொதிகலன் நின்றது. ஹெர் வோல்க்னர் புதிய முத்திரை ஒட்டிக்கொண்டிருந்தார். கொதிகலன் மிகச் சிறப்பாக இயங்குகிறது, இன்னும் பத்து வருடம் ஓடும் என்று சான்றிதழில் எழுதிக் கொடுத்தார்.

“இன்னும் ஒரு அஞ்சு நிமிசம் விட்டிருந்தால் உவருக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?” என்று சிவகௌரி தமிழில் கேட்டார். அவர் என்ன சொல்கிறார் என்று ஹெர் வோல்க்னர் விசாரித்தார்.

“நன்றி சொல்கிறார்” என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

அந்த வாளித் தண்ணீரில் சிவகௌரி தலை முழுகினார். இரண்டு மாதத்துக்குப் பிறகு வீட்டில் குளித்த முதல் முழுக்கு அது. அதன் பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். தமிழ்ப் பாடசாலை விளையாட்டுப் போட்டியில் இருநூறு பேருக்குச் சோறு வடிக்கும் பெரிய கிடாரத்தை இரவல் வாங்கி வந்தார். எது வந்தாலும் வராவிட்டாலும் பிள்ளை பெற்ற மகளுக்கு அதில் தண்ணீர் கொதிக்கவைத்து வார்க்கலாம் என்பது அவருடைய கணக்கு. மின்னடுப்பின் இரண்டு தட்டுகளுக்கும் மேலாக அது உட்கார்ந்துகொண்டது. கொதிப்பதற்கு ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது.

ஜனவரி எட்டாம் தேதி பிறவ் ஓபர்ஹோல்ட்ஸ் வீட்டை நேரில் பார்க்க வந்தார். எல்லாம் கைகூடிவிடும் போலிருந்தது. அன்ட்ராக் முழுமையாக இருக்கிறது, இந்த அளவு ஒழுங்கான கோப்பைத் தான் கண்டதில்லை என்று வாசலிலேயே சொன்னார். நிலவறையைப் பார்த்தார். முத்திரையைப் படம் எடுத்தார். கடைசியாகத் தேநீர் குடிப்பதற்காகச் சமையலறைக்குள் வந்தவர், கிடாரத்தின் முன் நின்றுவிட்டார்.

“இது என்ன?”

“சுடுதண்ணீர்” என்றார் சிவகௌரி.

“வீட்டுப் பாவனைக்கா?”

“ஓம். குளிக்க, கழுவ, எல்லாத்துக்கும்.”

“மின்சாரத்தில்?”

“ஓம்.”

பிறவ் ஓபர்ஹோல்ட்ஸ் கையுறையைக் கழற்றினார். மின்சாரப் பற்றுச்சீட்டைக் கேட்டார். ஸ்ரீஸ்கந்தராஜா ஆறு வருடத்துக்கு முன், வாசலுக்கு வந்த ஓர் இளைஞனைத் திருப்பியனுப்ப மனமில்லாமல், முழுக்க முழுக்கக் காற்றாலையிலிருந்து வரும் மின்சாரத்துக்கு ஒப்பமிட்டிருந்தார். அது பற்றுச்சீட்டில் பச்சை எழுத்தில் இருந்தது. பிறவ் ஓபர்ஹோல்ட்ஸ் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு, அறைகளை எப்படிச் சூடாக்குகிறீர்கள் என்று கேட்டார். சிவகௌரி கதிரையில் கிடந்த ரப்பர் போத்தலை எடுத்துக் காட்டினார்.

“எத்தனை?”

“ஒன்பது.”

“அப்படியானால் நீரால் சூட்டைப் பரப்பும் அமைப்பு, ஒன்பது நகரும் ரேடியேட்டர்களுடன்” என்று சொல்லிக்கொண்டே எழுதினார். “ஹெர் ஸ்ரீ, மூன்று வருடமாக நான் கோப்புகளை மட்டுமே பார்த்து வருகிறேன். நூறு வீதம் சுத்தமான சக்திக்கு மாறிய ஒரு வீட்டுக்குள் நிற்பது இதுதான் முதல் தடவை. உங்களுக்குப் பம்பி தேவையில்லை. நீங்கள் இலக்கை அடைந்துவிட்டீர்கள்.”

“இது சோறு வடிக்கிற கிடாரம்” என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

“தன்னடக்கம்” என்றார் அவர், அதையும் எழுதினார்.

கடிதம் நாலே நாளில் வந்தது. அந்த அலுவலகத்தின் வரலாற்றில் அவ்வளவு வேகமாக ஒரு முடிவு வந்ததில்லை என்று பத்மப்ரியா பிறகு சொன்னார். அன்ட்ராக் நிராகரிக்கப்பட்டிருந்தது. காரணம், நோக்கம் ஏற்கெனவே நிறைவேறிவிட்டது. பெரிய அலுமினியக் கிடாரம் ஒன்று வீட்டின் சுடுதண்ணீர் அமைப்பாகப் பதிவாகியிருந்தது. பதிவான அமைப்பைப் பத்து வருடத்துக்கு மாற்றக்கூடாது. அதற்குப் பக்கத்தில் வேறு எந்தச் சூடாக்கியும் வைக்கக்கூடாது. வைத்தால் முதல் அமைப்பு போதாது என்றாகி, அதிகாரியிடம் பொய் சொன்னதாக ஆகும். உரிமையாளர் தினமும் காலை எட்டு மணிக்குத் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு நோட்டுக் கொப்பியில் குறிக்க வேண்டும். வருடாவருடம் புகைபோக்கி அதிகாரி வந்து சோதிப்பார். முதல் சோதனைக்கான பெப்ரவரித் தேதியும் போட்டிருந்தது.

ஸ்ரீஸ்கந்தராஜா ஆட்சேபனை எழுதினார். ஆட்சேபனையோடு கிடாரம் வேலை செய்யவில்லை என்பதற்குச் சான்று இணைக்கும்படி பதில் வந்தது. ஹெர் வோல்க்னர் வந்து பார்த்தார். தண்ணீர் கொதித்தது. கொதிக்கிறது என்று சான்று கொடுத்தார்.

“அதிலை ஒரு ஓட்டையைப் போட்டுவிடுங்கோ” என்றார் சிவகௌரி.

“பாடசாலைச் சாமானப்பா.”

அந்தச் சான்று கிடைத்த மறுநாள் காலை அஜிதா அழைத்தாள். தாயும் தகப்பனும் தொலைபேசியை மேசையில் வைத்துக் குனிந்து கேட்டார்கள்.

“அம்மா, ஹெபாமை வீட்டைப் பற்றி விசாரிச்சவ” என்றாள். ஹெபாமை என்பது பிறந்த பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வரும் மருத்துவிச்சி. “அறைக்குள்ளை எத்தினை டிகிரி எண்டு கேட்டவ. சொன்னனான்.”

“எவ்வளவு எண்டு சொன்னனி?”

“அப்பா போன கிழமை சொன்னதுதான். பதினொண்டு. அவ உங்கை விடமாட்டன் எண்டிட்டா.” சிவகௌரி தொலைபேசியை இன்னும் கிட்டே இழுத்தார். “நாங்கள் இஞ்சையே நிக்கிறம் அம்மா. நீங்கள் வாங்கோ. குசினிக்குள்ளை ஒரு மெத்தை போடலாம். அப்பாவும் வந்தால் இடம் காணாது.”

“அப்பா வரேலாது பிள்ளை” என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. “எனக்கு இஞ்சை எட்டு மணிக்குக் கொப்பி எழுதவேணும்.”

அவர் பகிடியாகச் சொல்கிறார் என்று நினைத்து அஜிதா சிரித்தாள். சிவகௌரி சிரிக்கவில்லை. மேலே போய் மஞ்சள் அறையில் மடித்து வைத்திருந்த சின்னத் துணிகளை எல்லாம் பைக்குள் எடுத்து வைத்தார். அடுத்த நாள் ரயில் ஏறிப் போனார். மூன்று நாள் கழித்துப் பெண்பிள்ளை பிறந்தது.

ஸ்ரீஸ்கந்தராஜா தனியே இருந்தார். ஆறரைக்கு எழும்பி அடுப்பைப் போட்டு, எட்டுக்குக் கொப்பி எழுதி, ஒன்பது போத்தல்களையும் நிரப்பினார். இரண்டு போதும்தான். ஆனால் பதிவில் ஒன்பது என்று இருந்தது. பெப்ரவரியில் பக்கத்து நகரத்திலிருந்து ஒரு குழு முன்மாதிரி வீட்டைப் பார்க்க வந்தது. பிறவ் ஓபர்ஹோல்ட்ஸ் அவர்களைக் கூட்டிவந்து, மக்கள் மனம் வைத்தால் அரசாங்கம் எதுவும் செய்யத் தேவையில்லை என்பதற்கு இந்த வீடு சான்று என்று பேசினார். எல்லாரும் கோட்டோடு நின்று கைதட்டினார்கள். ஜன்னல் கண்ணாடிகளில் ஆவி படிந்தது.

முப்பத்தோராம் நாள் சடங்குக்கு அவர் கட்டாயம் போக வேண்டும் என்று சிவகௌரி சொல்லியிருந்தார். எட்டு மணிக்கு எழுதிவிட்டு ஓடினார். ரயில் ஒன்று தாமதமாகி, அடுத்தது தவறிப்போய், கார்ல்ஸ்ரூஹேயில் நாலு மாடி ஏறிக் கதவைத் தட்டும்போது இரண்டரை மணி தாண்டியிருந்தது. ஐயர் வந்து போய்விட்டார். பிள்ளைக்கு மீரா என்று பெயர் வைத்தாயிற்று. வந்தவர்கள் சாப்பிட்டுப் போய்விட்டார்கள்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு முதல் ஆண்டுச் சோதனை. அதற்கு முன்னம் கிடாரம் நிறைந்து கொதித்திருக்க வேண்டும். காலையில் பட்ட பாட்டுக்குப் பிறகு பிந்திய ரயில்களை நம்ப அவருக்குத் துணிவில்லை; நாலு மணி ரயிலுக்கே திரும்ப வேண்டும்.

பிள்ளை அஜிதாவின் கையில் கண்ணை முழித்துக்கொண்டு கிடந்தாள். அவர் கையை நீட்டினார்.

“ஐயோ, உந்தக் குளிர்க் கையாலை தொடாதேங்கோ” என்றார் சிவகௌரி. “சுடுதண்ணியிலை கழுவிப்போட்டு வந்து தூக்குங்கோ.”

அவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தார். ஒரு மூச்சு எடுப்பதற்குள் சூடு வந்தது. கையைக் கீழே பிடித்தார். விரல்கள் முதலில் நொந்தன, பிறகு சிவந்தன. குழாயைச் சற்றுத் திருப்பினார், இன்னும் சூடானது. ஒருவரும் அளக்கவில்லை, ஒருவரும் எழுதவில்லை. மணிக்கட்டு வரை வைத்தார். சட்டைக் கையை மடித்து முழங்கை வரை வைத்தார். கண்ணாடியில் ஆவி ஏறி முகம் மறைந்தது. அப்படியே நின்றார்.

நிலக்ஷன் கதவை மெதுவாகத் தட்டினான். “மாமா, சுகமா இருக்கிறீங்களோ? கனநேரமாப் போச்சு.”

அவர் குழாயை மூடிவிட்டு வெளியே வந்தார். துவாயால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு போனார். அஜிதா உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

“இப்பத்தான் அப்பா நித்திரையானவள். மூண்டு மணித்தியாலம் எழும்பமாட்டாள்.”

“எழுப்பாதை பிள்ளை” என்றார்.

கொஞ்ச நேரம் தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். பிறகு கோட்டை எடுத்துப் போட்டார். சிவகௌரி ஒரு பெட்டியில் சோறும் பாயசமும் கட்டிக் கொடுத்தார். சூடாக்கிச் சாப்பிடும்படி சொல்லப்போய், பாதியில் நிறுத்திக்கொண்டார். ஸ்ரீஸ்கந்தராஜா நாலு மாடியும் இறங்கி ஸ்டேஷனை நோக்கி நடந்தார்.